போகிற நாளைக் குறித்து வைப்பவர் யார்?

ஆண்டுதோறும் மே மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை உலக வலசைப் பறவைகள் நாள். அக்டோபரின் இரண்டாம் சனிக்கிழமையும் அதே பெயரில் கொண்டாடப்படுகிறது. அக்டோபர் பெங்களூருக்குச் சரியாகப் பொருந்தும். வடக்கிலிருந்து பறவைகள் வந்து இறங்கிக்கொண்டிருக்கும் நேரம் அது. மே பொருந்தாது. லால்பாகிலும் கப்பன் பூங்காவிலும் ஆறேழு மாதம் தங்கியிருந்த சிறு பாடும் பறவைகளில் பெரும்பாலானவை ஏப்ரல் முடிவதற்குள் கிளம்பிவிடும். விருந்தாளி ரயிலேறிய பிறகு இலை போடுகிற கதைதான்.

நாள் குறித்தவர்கள்மேல் தவறில்லை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மே என்றால் வசந்தம். தெற்கே போயிருந்த பறவைகள் திரும்பி வந்து காடெங்கும் பாடுகிற மாதம். அங்கே பறவை பார்ப்பவர்கள் அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு பைனாக்குலரோடு கிளம்புவதும் அப்போதுதான். அந்த ஊர்களுக்கு வசந்தம் என்பது வருகை. பெங்களூருக்கும் சென்னைக்கும் மதுரைக்கும் அதே வசந்தம் புறப்பாடு. ஒரே பயணத்தின் இரண்டு முனைகள் இவை. ஒரு முனையில் ஆளும் கருவியும் கணக்கும் குவிந்திருக்க, இந்த முனை கவனிப்பாரற்றுக் கிடக்கிறது.

கணக்கெடுப்புகள் நடக்கும் மாதங்களை வரிசைப்படுத்தினாலே இது தெரியும். தமிழ்நாட்டில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில். உலகம் முழுவதும் வீட்டுத் தோட்டங்களில் பறவைகளை எண்ணும் நான்கு நாள் நிகழ்ச்சி பிப்ரவரி நடுவில். தமிழ்நாடு வனத்துறை நிலப்பறவைகளை எண்ணுவது பெரும்பாலும் மார்ச்சில். அதற்குப் பிறகு எல்லாரும் ஒரே நாளில் திரண்டு வெளியே வருவது மே மாதத்தின் குளோபல் பிக் டே அன்றுதான். இடையில் இருக்கும் ஒன்றரை மாதம், மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் கடைசி வரை, இங்கே எந்தப் பெரிய கணக்கெடுப்பிலும் அகப்படாமல் நழுவிப்போகிறது. பறவைகள் கிளம்புவதோ அந்த ஒன்றரை மாதத்தில்.

அந்த இடைவெளியை பெங்களூர் நிரப்ப வேண்டும். அதற்கு வேண்டிய ஆட்கள், பழக்கம், மரங்கள் மூன்றும் இந்த ஊரில் இருக்கின்றன.

பத்து ரூபாய் நாணயத்தின் எடை

குளிர்காலத்தில் பெங்களூருக்கு வரும் பாடும் பறவைகளில் மிகச் சாதாரணமானது பச்சைக் கதிர்க்குருவி. ஊரில் பாதிப் பேர் அதன் குரலைக் கேட்டிருப்பார்கள், ஆனால் பறவையைப் பார்த்திருக்க மாட்டார்கள். முதுகு மங்கிய பச்சை, வயிறு அழுக்கு வெள்ளை, கண்ணுக்கு மேல் வெளிர்ந்த ஒரு புருவக்கோடு, இறக்கையில் தேய்ந்துபோன ஒற்றைக் கோடு. சுமார் எட்டு கிராம் எடை. பத்து ரூபாய் நாணயம் ஒன்றின் எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஜெயநகரின் தெருவோரப் புங்கமரத்திலிருந்து, ஸ்கூட்டர் சத்தத்தையும் மீறி, 'சிவீட்' என்று கூர்மையாக ஓர் ஒலி வந்தால் பெரும்பாலும் இதுதான்.

அந்தக் குரலுக்குக் காரணம் உண்டு. செப்டம்பரில் வந்து சேரும் ஒவ்வொரு கதிர்க்குருவியும் தனக்கென்று சில மரங்களைப் பிடித்துக்கொண்டு, குளிர்காலம் முழுக்க அவற்றைக் காக்கிறது. கீழைத் தொடர்ச்சி மலையில் இந்தப் பறவையை ஆராய்ந்த டிரெவர் பிரைஸ் இதை 1981இல் எழுதினார். பிறகு அவரும் மதுசூதன் கட்டியும் திருநெல்வேலிச் சீமையின் களக்காடு-முண்டந்துறைக் காட்டில், இதே கதிர்க்குருவி உடம்பில் கொழுப்புச் சேர்ப்பது ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்து 1999இல் வெளியிட்டார்கள். மழைக்கும் பூச்சிக்கும் பறவையின் உடம்புக்கும் உள்ள கணக்கு அவர்களின் ஆய்வுகளில் பேசப்படுகிறது.

மார்ச்சில் புங்கமரம் இலை உதிர்த்துவிட்டு மறுபடி துளிர்க்கும். பளபளவென்ற அந்த இளம்பச்சையில் சிறு புழுவும் பேனும் ஏறும். கதிர்க்குருவி கிளை நுனிக்கு ஓடி, இலையின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்த்து, நொடிப்பொழுது சிறகடித்து அந்தரத்தில் நின்று, இலையடியில் ஒட்டியிருப்பதைக் கொத்திக்கொண்டு அடுத்த கொப்புக்குத் தாவும். கீழே நிற்பவர் பைனாக்குலரை உயர்த்தி நேராக்குவதற்குள் அது மூன்றாவது கொப்பில் இருக்கும். கழுத்து வலிக்கிற வேலை. ஆனால் இந்த மாதத்தில் பார்ப்பவருக்கு ஒரு கூலி கிடைக்கும்: அதுவரை 'சிவீட்' என்று மட்டுமே சொல்லிவந்த பறவை, கிளம்புவதற்கு முன் சில நாள் வாய்விட்டுப் பாடத் தொடங்கும். இமயமலைச் சரிவிலும் சைபீரியக் காட்டிலும் இணை தேடிப் பாட வேண்டிய பாட்டு அது. ஒத்திகை நடப்பது மல்லேஸ்வரத்தில்.

ஒத்திகை முடிந்ததும் பயணம். பச்சைக் கதிர்க்குருவி கூடு கட்டும் நிலம் இமயமலையில் தொடங்கி, மத்திய ஆசியா, சைபீரியா வழியாக பால்டிக் கடலோரம் வரை நீள்கிறது. உரால் மலைப் பக்கம் போகிற பறவைக்கு பெங்களூரிலிருந்து வான்வழித் தூரமே சுமார் 5,000 கிலோமீட்டர். பகலெல்லாம் தின்று, தோலுக்கடியில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, பொழுது சாய்ந்தபின் எழும்பி, இரவில் பறந்து, விடிந்ததும் கண்ணில் படும் பசுமையில் இறங்கி மறுபடி தின்னும். வலசை போகும் சிறு பறவைகளில் பெரும்பாலானவற்றின் முறை இது.

உள்ளே ஓடும் கடிகாரம்

கிளம்பும் நாள் வந்துவிட்டது என்று அதற்கு எப்படித் தெரிகிறது? பகல் நீள்வதைப் பார்த்தா? வடக்கே பகலின் நீளம் மாதத்துக்கு மாதம் பெரிதாக மாறும். பெங்களூரில் அப்படியல்ல, டிசம்பரின் மிகக் குறுகிய பகலுக்கும் ஜூனின் மிக நீண்ட பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த எபர்ஹார்ட் குவின்னர், பச்சைக் கதிர்க்குருவிக்கு நெருங்கிய உறவான வில்லோ கதிர்க்குருவிகளைக் கூண்டில் வைத்து, ஆண்டு முழுவதும் பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், பன்னிரண்டு மணி நேரம் இருட்டு என்று மாறாமல் கொடுத்துப் பார்த்தார். பருவத்தைக் காட்டும் எந்தத் தடயமும் இல்லாத அந்த அறையிலும், வலசைக் காலம் வந்தபோது பறவைகள் இரவில் நிலைகொள்ளாமல் தத்தின. ஆண்டுக்கணக்குக் கடிகாரம் ஒன்று உடம்புக்குள்ளேயே ஓடுகிறது.

இந்தக் கடிகாரம்தான் இப்போது கவலைக்குரியது. வெப்பம் கூடுவதால் வடக்கே வசந்தம் முந்துகிறது. மரம் முன்னதாகத் துளிர்த்து, புழுக்களும் முன்னதாகப் பெருகி அடங்கிவிடுகின்றன. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு இப்பால் இருக்கும் பறவைக்கு அது தெரியாது. நெதர்லாந்தில் கிறிஸ்டியான் போத்தும் மார்செல் விஸ்ஸரும், ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்பும் கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பானைப் பற்றி 2001இல் 'நேச்சர்' இதழில் எழுதியது இதைத்தான்: உணவு முந்திவிட்டது, பறவையின் வருகை அதே வேகத்தில் முந்தவில்லை. 2006இல் வந்த அடுத்த ஆய்வு இன்னும் கடுமையானது. புழுக்கள் மிக முன்னதாகப் பெருகிய பகுதிகளில் இந்த ஈப்பிடிப்பான்களின் எண்ணிக்கை இருபது ஆண்டுகளில் சுமார் 90 விழுக்காடு சரிந்திருந்தது.

பெங்களூரின் கதிர்க்குருவிக்கும் இப்படி நடக்கிறதா என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முதலில் வேண்டியது ஒரு தேதி. அது எந்த வாரத்தில் இங்கிருந்து கிளம்புகிறது, பத்தாண்டுகளில் அந்த வாரம் நகர்ந்திருக்கிறதா என்பது. சேர்ந்த நாளை ஐரோப்பியர் எழுதி வைப்பார்கள். கிளம்பிய நாளை இங்கிருப்பவர்கள்தான் எழுத முடியும்.

வழியில் இறங்குபவை

புறப்படுபவை மட்டுமல்ல, இந்த வாரங்களில் ஊரைக் கடந்து போகிறவையும் உண்டு. ஆறுமணிக்குருவி தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, மத்திய இந்தியாவுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் திரும்புகிறது. கொடிக்கால் வாலாட்டியும், இமயத்தில் கூடு கட்டும் இந்திய நீல ராபினும் இதே போக்கில் செல்கின்றன. கோடியக்கரையில் அக்டோபரில் தெற்கே போகும் இவற்றைப் பார்த்தவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர். திரும்பும் பயணத்தில் பெங்களூர் ஓர் இரவு, இரண்டு இரவு தங்கல். அடுக்குமாடிக் குடியிருப்பின் வேலிப் புதருக்கடியில், பச்சையும் நீலமும் வயிற்றடியில் சிவப்புமாக ஒரு பறவை சருகைப் புரட்டிக்கொண்டிருந்தால், காவலாளி கூப்பிட்டுக் காட்டுவது பெரும்பாலும் ஆறுமணிக்குருவியாகத்தான் இருக்கும்.

சூறைக்குருவியின் அழகும் இந்த மாதங்களில்தான் முழுமையாகத் தெரியும். குளிர்காலத்தில் அதன் இறகு ஓரங்கள் மண் நிறமாக இருக்கும். புது இறகு எதுவும் முளைக்காமலே, அந்த ஓரங்கள் தேயத் தேய, உள்ளிருக்கும் ரோஜா நிறமும் மினுங்கும் கறுப்பும் வெளிப்பட்டு மார்ச்சில் பளிச்சென்று ஆகிவிடும். இலவமும் கல்யாண முருங்கையும் பூத்து நிற்கையில் கூட்டமாக வந்து தேன் குடித்துவிட்டு, மத்திய ஆசியப் புல்வெளிகளில் வெட்டுக்கிளி தின்னப் புறப்படும். வேலிப் புதரில் நாக்கைத் தட்டுவது போல 'செக், செக்' என்கிற நாணல் கதிர்க்குருவி, ஏரிக்கரை முட்செடியில் கரகரக்கும் பழுப்புக் கீச்சான், பெரிய கண்ணோடு ஒரே கிளையில் உட்கார்ந்திருக்கும் பழுப்பு ஈப்பிடிப்பான் என்று ஒவ்வொன்றும் தன் தன் வாரத்தில் காணாமல் போகும்.

'இல்லை' என்பதும் பதிவுதான்

இந்த ஊருக்குப் பறவைக் குறிப்பு எழுதும் பழக்கம் புதிதல்ல. 1939-40இல் சாலிம் அலி அன்றைய மைசூர் சமஸ்தானத்தின் பறவைகளை ஆய்வு செய்து, மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். 1970களில் ஜோசப் ஜார்ஜ் முதலானோர் தொடங்கிய பெங்களூர் பறவை பார்ப்போர் களக் கழகம், மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை லால்பாகில் கூடுவதை வழக்கமாக்கியது. பெங்களூர்ப் பறவைகளின் குறிப்புகளுடன் கூடிய பட்டியலை 1994இல் கொண்டுவந்தது. 2007இல் இங்குள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலிருந்து 'மைக்ரண்ட்வாட்ச்' தொடங்கியது. முதல் ஆண்டில் ஒன்பது வகைப் பறவைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, எப்போது வந்தன என்று நாடு முழுவதும் உள்ள பொதுமக்களைக் கேட்டது. இன்று அந்த வேலையை இ-பேர்ட் செயலி செய்கிறது.

மக்கள் எழுதியவை வீண்போகவில்லை. 2023இல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, 30,000க்கும் மேற்பட்டோர் தந்த 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 வகைப் பறவைகளை ஆராய்ந்தது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 வகைகளில் 204 குறைந்திருந்தன. வலசைப் பறவைகள் குறையும் பக்கத்தில் இருக்கின்றன.

ஆனால் வருகையைக் குறிப்பது எளிது, புறப்பாட்டைக் குறிப்பது கடினம். செப்டம்பரில் முதல் கதிர்க்குருவியின் குரல் கேட்டவர் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் போடுவார், பத்துப் பேர் கைதட்டுவார்கள். ஏப்ரல் 24 அன்று கேட்டது கடைசிக் குரல் என்பது ஏப்ரல் 24 அன்று யாருக்கும் தெரியாது. மே பிறந்து, நாலைந்து நாள் தேடியும் கேட்காதபோதுதான் தெரியும். கடைசி நாளைச் சொல்ல, அதற்குப் பிந்திய வெறும் நாட்களையும் எழுதியிருக்க வேண்டும். இ-பேர்டில் பட்டியலை அனுப்புகையில், இனங்கண்ட எல்லாப் பறவைகளையும் சேர்த்துவிட்டீர்களா என்று ஒரு கேள்வி வரும். 'ஆம்' என்றால் பட்டியலில் இல்லாத பறவையும் தகவலாகிவிடும். காக்கை, மைனா, புறா என்று மூன்றே பெயர் கொண்ட பட்டியலை அனுப்பக் கூச்சப்படுகிறவர்கள், கதிர்க்குருவி போய்விட்டது என்ற செய்தியையும் சேர்த்தே விழுங்கிவிடுகிறார்கள்.

அரிய பறவையைத் துரத்திப் படமெடுப்பவர்களால் இந்த வேலை ஆகாது. நந்தி மலைக்கும் ஹெசரகட்டாவுக்கும் விடியற்காலையில் கார் ஓட்ட வேண்டியதும் இல்லை. வீட்டுக்கு எதிரே இருக்கும் ஒரு மரம் போதும். காலையில் பால் வாங்கப் போகும்போதோ பிள்ளையைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போதோ பத்து நிமிடம் அதனடியில் நின்று, கேட்டதை, கேட்காததை எழுத வேண்டும். தமிழ் வேர் கொண்ட திகளர் சமூகத்தார் எடுக்கும் கரகம் சைத்ர பௌர்ணமி இரவில் தர்மராயர் கோயிலிலிருந்து கிளம்பும். பறவைகள் புறப்படும் காலத்துக்கு நல்ல அடையாளம் அது.  கரகத்துக்குப் பிறகு எத்தனை நாள் 'சிவீட்' கேட்டது என்று ஒரு தெருவில் பத்து ஆண்டுகள் எழுதி வைத்தால், ஆராய்ச்சியாளர் அதை இரு கைகளாலும் வாங்கிக்கொள்வார்.

துடைப்பமும் கவாத்தும்

மார்ச்சில் பெங்களூர் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் பூ இருக்கும். 1908இல் லால்பாகுக்கு வந்த ஜெர்மானியத் தோட்டக்கலை நிபுணர் கிரும்பிகல், ஒரு மரம் பூத்து ஓய்ந்தால் அடுத்தது பூக்கும்படி சாலைகளுக்கு மரம் தேர்ந்தார். டபேபுயாவும் ஜகரண்டாவும் பூத்த தெருக்களில் செல்ஃபிக்குக் கூட்டம் நிற்கிறது. அதே மரங்களில், அதே வாரத்தில், வடக்கே போகிற பறவை உடம்பைத் தேற்றிக்கொள்கிறது என்பது செய்தியாவதில்லை.

நிர்வாகங்களின் கண்ணிலும் படுவதில்லை. கோடை மழைக்கு முன் கவாத்து, பூங்காவில் சருகு கூட்டல், வேலிச் செடியை மட்டம் தட்டுதல், கொசு மருந்துப் புகை எல்லாம் பறவைகள் தின்று தீர்க்க வேண்டிய அதே வாரங்களில் வந்து விழுகின்றன. ஆறுமணிக்குருவி, நீல ராபின், கொடிக்கால் வாலாட்டி மூன்றும் சருகுக்கடியில் இரை தேடுபவை. பெருக்கித் துப்புரவாக்கிய பூங்காவில், இரவெல்லாம் பறந்து வந்து இறங்கும் பறவைக்குத் தின்ன ஒன்றும் இருக்காது.

இதற்கு மறுப்பு உண்டு. சருகு கிடந்தால் பாம்பு வரும், யாராவது சிகரெட்டைப் போட்டால் தீப்பிடிக்கும், மின்கம்பியில் உரசும் கிளையை ஏப்ரல் காற்றுக்கு முன் வெட்டாவிட்டால் ஆள்மேல் விழும் என்பார்கள். மூன்றும் நியாயம்தான். காய்ந்த கிளையும் கம்பியைத் தொடும் கிளையும் வெட்டப்பட வேண்டியவையே. நடைபாதையும் குழந்தைகள் விளையாடும் இடமும் பெருக்கப்பட வேண்டியவையே. ஆனால் 240 ஏக்கர் லால்பாகில் ஆள் நடக்காத மூங்கில் அடியும் வேலியோரமும் ஒன்றரை மாதம் அப்படியே கிடந்தால் யாருக்கும் ஆபத்தில்லை. அழகுக்காக மட்டம் தட்டும் செடியை மே மாதத்திலும் தட்டலாம்.

கண்ணாடிக் கட்டடங்களின் பங்கும் இதில் உண்டு. 2023 அக்டோபரில் ஒரே இரவில் சிகாகோவின் மெக்கார்மிக் பிளேஸ் அரங்கின் கண்ணாடியில் மோதி சுமார் 1,000 பறவைகள் செத்தன. அடுத்த ஆண்டு கண்ணாடிமேல் சிறு புள்ளிகள் பதித்த படலம் ஒட்டினார்கள். சாவு சுமார் 95 விழுக்காடு குறைந்தது. பெங்களூரின் வெளிவட்டச் சாலையிலும் ஒயிட்ஃபீல்டிலும் உள்ள அலுவலக வளாகங்கள், இரவில் பறப்பவற்றை ஈர்க்கும் விளக்கை மார்ச், ஏப்ரல் இரவுகளில் ஆளில்லாத மாடிகளில் அணைத்தால் மின் கட்டணமாவது மிஞ்சும். காலையில் கண்ணாடிச் சுவரடியில் விழுந்து கிடக்கும் பறவைகளை எண்ணி எழுத, துப்புரவுப் பணியாளர்களிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுப்பதற்குப் பெரிய செலவு ஆகாது.

லால்பாகும் கப்பன் பூங்காவும் கர்நாடகத் தோட்டக்கலைத் துறையின் பொறுப்பில் இருக்கின்றன. ஜனவரியிலும் ஆகஸ்டிலும் மலர்க் கண்காட்சிக்கு ஊரையே திரட்டத் தெரிந்த துறை அது. மார்ச் 15 முதல் ஏப்ரல் 30 வரை இரண்டு பூங்காக்களிலும் குறிப்பிட்ட பகுதிகளில் துடைப்பமும் கத்தரியும் புகையும் நுழையாது என்று ஒரு சுற்றறிக்கை போட அதற்குப் புதுச் சட்டமோ நிதியோ வேண்டியதில்லை. அதோடு நுழைவாயிலில் ஒரு கரும்பலகை: அன்று காலை நடந்தவர்கள் பார்த்த வலசைப் பறவைகளின் பெயர்கள் ஒரு பக்கம், தேடியும் கிடைக்காதவை மறுபக்கம். இரண்டாம் ஞாயிறுகளில் வருகிற பறவைக் கழகத்தார் அதை எழுதிக் கொடுக்கத் தயங்க மாட்டார்கள். மற்ற நாட்களுக்குப் பக்கத்துப் பள்ளி மாணவர்கள் இருக்கிறார்கள்.